குஸ்கோவின் அடிச்சுவர்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, வடகோடி முதல் தென்கோடி வரை நெடுமதில் எழுப்பினாற்போல நிற்பது ஆண்டிஸ் மலைத்தொடர். அத்தொடரின் நடுவே, பெரு என்னும் நாட்டின் தென்பகுதியில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றிலே குஸ்கோ மாநகரம் அமைந்துள்ளது. பள்ளத்தாக்கு என்றவுடன் தாழ்ந்த இடம் என்று கருதிவிடலாகாது. அந்நகரின் தெருக்களே கடல் மட்டத்திற்குமேல் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளன. அஃதாவது 11,000 அடிக்கும் மேல். நாட்டை ஆளும் தலைநகரம் கடற்கரையில் உள்ள லிமா. ஆயினும், பெரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் லிமாவைத் தலைநகர் என்று கூறிய அடுத்த வரியிலேயே குஸ்கோவை வரலாற்றுத் தலைநகர் என்று கூறுகின்றது. ஆட்சி போன பின்னும் பெயர் போகாத நகரம் அது.

லிமாவில் வானூர்தி ஏறுவோர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் குஸ்கோவில் இறங்கிவிடுகின்றனர். இவ்விரைவே புதிதாக வருபவர்க்கு முதற் பகையாகும். கடற்கரையில் உள்ள காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கே அங்கு உண்டு. ஆதலின், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் உயிர்வளியும் அவ்வளவிற்குக் குறைகின்றது. பத்துப் படி ஏறுமுன் நெஞ்சு படபடக்கும், தலை கனக்கும், உண்டது ஒவ்வாது, இரவில் உறக்கம் வாராது. 'சொரோச்சே' என்பது அங்குள்ளார் இந்நோய்க்கு இட்ட பெயர். வீரம் பேசி முதல் நாளே ஊர் சுற்றப் புறப்பட்டவர் மறுநாள் படுக்கையை விட்டு எழுவதில்லை. அறிந்தவரோ முதல் நாள் முழுவதும் ஓய்ந்திருந்து, அவ்வூரார் தொன்றுதொட்டு அருந்திவரும் கோக்கா இலை நீரைச் சிறிது சிறிதாகப் பருகுவர். அந்த நீரும் அங்கே 100 டிகிரி வெப்பத்திற்குக் காத்திராது. 89 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எனவே, அடுப்பில் ஏற்றிய பயறும் கிழங்கும் வேக நெடுநேரம் ஆகும். மலை தன் நடையை வந்தவர்மேல் சுமத்துகின்றது என்றே கூறவேண்டும். சாளரத்தின் வழியே பார்த்தால், முதுகிலே மூட்டையும் மூட்டைக்குள்ளே குழந்தையுமாக ஒரு மூதாட்டி செங்குத்தான தெருவில் மூச்சிரைக்காமல் ஏறிச் செல்வது தெரியும். பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மலையிலே வாழ்ந்த குடிவழியினர்க்கு மார்புக்கூடும் குருதியும் அவ்வுயரத்திற்கு ஏற்ப அமைந்துவிட்டன.

இரண்டாம் நாள் தெருவிற்கு வருபவரை முதலில் நிறுத்துவது மலையன்று, சுவர். அந்நகரின் பழைய தெருக்கள் குறுகியவை. இருபுறமும் உள்ள வீடுகளின் மேற்பகுதி வெண்சுண்ணம் பூசியது. மரத்தாலான மேன்மாடமும் சிவந்த ஓட்டுக் கூரையும் உடையது. அது ஸ்பானியர் கட்டியது. அதன் கீழ்ப்பகுதியோ வேறு. அங்கே கருமையும் பசுமையும் கலந்த கற்கள், சாந்து சிறிதும் இன்றி, ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. இரு கற்களின் நடுவே ஊசி நுழைய இடமில்லை. ஹத்துன் ரூமியோக் என்னும் தெருவில் பன்னிரண்டு மூலைகள் கொண்ட கல் ஒன்று உள்ளது. அதனைச் சுற்றியுள்ள கற்கள் அதன் ஒவ்வொரு மூலைக்கும் ஏற்றவாறு செதுக்கப்பட்டுத் தழுவி நிற்கின்றன. இன்கா ரோக்கா என்னும் மன்னனின் அரண்மனைச் சுவர் அது என்பது வழிவழி வந்த செய்தி. இன்று அச்சுவரின்மேல் நிற்பது பேராயரின் மாளிகை. நாடோறும் நூற்றுக்கணக்கானோர் அக்கல்லின் முன் நின்று மூலைகளை எண்ணுகின்றனர். எண்ணி முடித்தவர் சிறிது விலகி நின்று, மேற்சுவரையும் அடிச்சுவரையும் ஒருங்கே நோக்குவாராயின், அந்நகரின் வரலாறு முழுவதும் அவ்வோரிடத்திலேயே விளங்கும்.

அச்சுவரைக் கட்டியவர் இரும்பை அறியார். வண்டியும் சக்கரமும் அவர்களிடம் இல்லை. பாரம் இழுக்க எருதும் இல்லை, குதிரையும் இல்லை. அவர்கள் வளர்த்த லாமா என்னும் விலங்கு ஒரு சிறு மூட்டையைச் சுமக்குமேயன்றிப் பெருங்கல்லை இழுக்காது. பின்னர் எவ்வாறு கட்டினர்? கல்லைச் செடிச்சாற்றால் மெழுகாக்கினர் என்று ஒரு கதை உண்டு. வேற்றுலகத்தார் வந்து கட்டினர் என்று இக்காலத்தார் புனைந்த கதையும் உண்டு. பின்னைய கதை நகைப்பிற்குரியது மட்டுமன்று. உழைத்தவன் கூலியைப் பறிக்கும் கதையுமாகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலைப் பேராசிரியர் ழான் பியேர் புரோட்சன் என்பவர் 1980-களில் அப்பகுதியின் பழைய கல்வெட்டுக் குழிகளை ஆராய்ந்தார். ஆற்றிலே உருண்டு திரண்ட கடுங்கற்கள் அங்கே சிதறிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்துத் தாமே ஒரு பாறையை அடித்துப் பார்த்தார். கனத்த உருண்டைக் கல்லைப் பாறையின்மேல் விழச் செய்து, அது எழும்பும்போது கையால் பிடித்து மீண்டும் விழச் செய்தால், பாறை மெல்ல மெல்லச் சமமாகின்றது. விளிம்புகளைச் சிறு கல்லால் கொத்தித் திருத்தலாம். குஸ்கோவின் சுவர்க்கற்களிலும் இத்தகைய கொத்துத் தழும்புகள் உள்ளன. நடுவிலே பெரியவை, விளிம்பிலே சிறியவை. மந்திரம் ஒன்றும் இல்லை. கல்லும், கையும், தளராத பொறுமையுமே அங்குச் செயற்பட்டன.

அவ்வாறு உழைத்த மக்களை ஆண்டவர் இன்கா மன்னர். பதினைந்தாம் நூற்றாண்டில் பச்சகுத்தி என்னும் பேரரசர் குஸ்கோவைப் புதுக்கி அமைத்தார் என்பர். நகரின் நடுவே இருந்த பெருவெளியிலிருந்து நான்கு திசைக்கும் நான்கு பெருவழிகள் சென்றன. அவற்றால் இணைந்த நாட்டிற்குத் 'தவாந்தின்சுயு', அஃதாவது 'நாற்கூறு' என்று பெயர். மலையும் பாலையும் கடந்து சென்ற அவ்வழிகளின் மொத்த நீளம் 30,000 கிலோமீட்டருக்கு மேல். எழுத்து என்று இன்று அறியப்படும் ஒன்று அவர்களிடம் இல்லை. வண்ணக் கயிறுகளில் முடிச்சிட்டுக் கணக்கு வைத்தனர். குஸ்கோ என்பதற்குக் 'கொப்பூழ்' என்று பொருள் கூறுவர் பழைய நூலாசிரியர். ஆந்தைப் பாறை என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் மரூஉ என்பர் இக்கால மொழிநூலார் சிலர். உலகின் நடு என்று கூறிக்கொள்ளும் ஊர், ஓர் ஆந்தையின் இருப்பிடத்தால் பெயர் பெற்றிருப்பதும் சுவையுடையதே.

1532-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ பிசாரோ என்னும் ஸ்பானியத் தலைவன் சிறு படையுடன் வந்து, அட்டவால்பா என்னும் மன்னனைச் சூழ்ச்சியால் சிறைப்பிடித்தான். ஓர் அறை நிறையப் பொன் தந்தால் விடுவிப்பதாக உடன்பாடு. அப்பொன்னைத் திரட்டும் பொருட்டுக் குஸ்கோவின் கொரிகஞ்சா என்னும் கதிரவன் கோயிலுக்கு ஆட்கள் அனுப்பப்பட்டனர். கோயிற் சுவர்களில் பதித்திருந்த பொற்றகடுகளுள் 700 பெயர்த்து எடுக்கப்பட்டன என்று அக்கால ஏடுகள் கூறும். பொன் வந்தது, மன்னன் உயிர் மீளவில்லை. 1533-ஆம் ஆண்டு சூலையில் அவன் கொல்லப்பட்டான். அவ்வாண்டு நவம்பரில் பிசாரோ குஸ்கோவிற்குள் புகுந்தான். கலைஞர் பல்லாண்டு முயன்று ஆக்கிய பொருள்களெல்லாம் உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. உருக்க முடியாதது கல் ஒன்றே. கல் எஞ்சியது.

நகருக்கு வடக்கே குன்றின்மேல் சக்சைவாமன் என்னும் கோட்டை உள்ளது. மூன்று அடுக்கு மதில்கள், அரத்தின் பற்களைப்போல முன்னும் பின்னுமாக மடிந்து மடிந்து செல்கின்றன. அவற்றின் மூலைக் கற்களுள் சில 100 டன் எடைக்கும் மேற்பட்டவை. 1536-ஆம் ஆண்டில் மாங்கோ இன்கா என்னும் இளவரசன் பெரும்படை திரட்டி வந்து குஸ்கோவை முற்றுகையிட்டான். பழுக்கக் காய்ச்சிய கற்களைக் கவணில் வைத்து எறிய, புல் வேய்ந்த கூரைகளெல்லாம் பற்றி எரிந்தன. ஆயினும் ஸ்பானியர் அழியவில்லை, கோட்டையையும் மீட்டுக்கொண்டனர். கோட்டையின் உயர்ந்த கோபுரத்தைக் காத்துநின்ற வீரன் ஒருவன், இனி ஆவதில்லை என்று கண்டதும் அங்கிருந்து குதித்து உயிர்விட்டான். அதன்பின் அக்கோட்டை கற்சுரங்கமாயிற்று. தலைமைக் கோயில் கட்டவும் வீடுகள் கட்டவும் அதன் கற்களை உருட்டிக் கொண்டு சென்றனர். இன்று அங்கே நிற்பவை, பெயர்க்க இயலாத பெருங்கற்கள் மட்டுமே.

இச்செய்திகளை உலகிற்குக் கூறியவருள் ஒருவர் அவ்வூரிலேயே பிறந்தவர். கார்சிலாசோ தெ லா வேகா என்பது அவர் பெயர். பிறந்த ஆண்டு 1539. தந்தை ஸ்பானியப் படைத்தலைவர்; தாய் இன்கா அரசகுலத்துப் பெண்மணி சிம்பு ஒக்யோ. வென்ற குருதியும் தோற்ற குருதியும் ஓர் உடலில் ஓடின. தாய்வழி உறவினர் வீட்டிற்கு வந்து, இழந்த அரசை நினைந்து பேசுவர், அழுவர், சிறுவன் அருகிருந்து கேட்பான். பிற சிறுவரோடு சக்சைவாமன் இடிபாடுகளில் ஏறி விளையாடியதையும், நிலவறைக்குள் கதிரவன் ஒளி செல்லும் தொலைவிற்கு அப்பால் போக அஞ்சியதையும் முதுமையில் அவர் எழுதியுள்ளார்.

மற்றொரு நிகழ்ச்சியும் அவர் நூலில் உண்டு. 1550-ஆம் ஆண்டளவில், ஏர் பூட்டிய எருதுகள் முதன்முதலாகக் குஸ்கோப் பள்ளத்தாக்கிற்கு வந்தன. அதுவரை காலால் மிதித்து அழுத்தும் கோலைக் கொண்டே நிலத்தைக் கிளறி வந்த மக்கள், அவ்வியப்பைக் காணத் திரள்திரளாகச் சென்றனர். பள்ளிக்குச் செல்லவேண்டிய கார்சிலாசோவும் அவர்களுடன் சென்றுவிட்டான். எருது உழுவதைக் கண்ட இந்தியக் குடிகள் என்ன கூறினர்? ஸ்பானியர் உழைக்க மனமில்லாச் சோம்பேறிகள். ஆதலால் தாம் செய்யவேண்டிய வேலையை அப்பெரிய விலங்குகளின் தலையில் கட்டிவிட்டனர் என்று கூறினராம். அக்காட்சிக்குச் சிறுவன் கொடுத்த விலை இரண்டு டசன் கசையடி. பள்ளிக்குச் செல்லாததற்குத் தந்தை பாதி அடித்தார். தந்தை அடித்தது போதாது என்று ஆசிரியர் மீதி அடித்தார். அடிபட்டவர் அதனை மறக்கவுமில்லை, வருந்தியதாகவும் தெரியவில்லை.

1560-ஆம் ஆண்டில் அவர் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் ஸ்பானிய அலுவலர் ஒருவர் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்து, பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த இன்கா மன்னர்களின் உடல்களைக் காட்டினார். அவற்றுள் ஒன்று வாய்னா கபாக் பேரரசரின் உடல். தாய்வழியில் இவர்க்குப் பாட்டன் முறையாவார். இளைஞர் கை நீட்டி அவர் விரலைத் தொட்டுப் பார்த்தார். மரம்போல இறுகியிருந்ததாம். பின்பு அவர் குஸ்கோவிற்குத் திரும்பவே இல்லை. ஸ்பெயினில் இருந்துகொண்டே, தந்தையின் மொழியில், தாயின் நாட்டு வரலாற்றை எழுதினார். 'அரச விளக்கவுரைகள்' என்னும் அந்நூலின் முதற்பகுதி 1609-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் வெளிவந்தது. தாயின் குலத்தாரை அவர் ஓரளவு மிகைபடப் புகழ்ந்துள்ளார் என்பது வரலாற்றாசிரியர் குறை. அக்குறை உண்மையே. ஆயினும், உருக்கப்பட்ட பொன்னை மீட்க இயலாத ஒருவர், நினைவையேனும் உருகாமல் காக்க முயன்றார் என்பதையும் எண்ணவேண்டும்.

இனி மீண்டும் நகருக்குள் வருவோர், பொன் பெயர்க்கப்பட்ட கொரிகஞ்சாவிற்குச் செல்லல் வேண்டும். கதிரவன் கோயிலின் சுவர்களின்மேலேயே ஸ்பானியத் துறவியர் சாந்தோ தொமிங்கோ மடத்தை எழுப்பினர். 1650-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. நகரின் கோயில்களும் வீடுகளும் பெரும்பாலும் இடிந்தன. அடிச்சுவர்கள் நின்றன, அவற்றின்மேல் மறுபடியும் கட்டினர். முந்நூறு ஆண்டு சென்றது. 1950-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் நிலம் மீண்டும் நடுங்கியது. நகரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் பாழாயின. மடத்தின் சுவர்களும் பிளந்து சரிந்தன. சரிந்த சுவருக்குப் பின்னே, நான்கு நூற்றாண்டுகளாகப் பூச்சுக்குள் மறைந்திருந்த கதிரவன் கோயிலின் கல்லறைகள், அதாவது கல்லாலான கூடங்கள், வெளிப்பட்டன!

அதன் காரணம் கட்டுமானத்திலேயே உள்ளது. அச்சுவர்கள் நேராக நிற்பவையல்ல. மேலே செல்லச் செல்ல உட்புறம் சிறிது சாய்பவை. வாயில்களும் மாடங்களும் அடி அகன்று முடி குறுகியவை. கற்களின் நடுவே சாந்து இல்லாமையால் பிளப்பதற்கும் ஒன்றுமில்லை. நிலம் அசையும்போது கற்கள் தத்தம் இடத்திலேயே சிறிது அசைந்து, மீண்டும் அமர்ந்துவிடுகின்றன. மேலே கட்டிய சுண்ணச் சுவர்க்கு அவ்விளக்கம் இல்லை; அது விறைத்து நின்று விரிந்துவிடுகின்றது. 1950-க்குப் பின்னர் அம்மடத்தைத் திருத்தியவர் முன் ஒரு வினா எழுந்தது. எதை வைப்பது, எதை நீக்குவது? முடிவில் இரண்டையும் வைத்தனர். இன்று அங்குச் செல்பவர், வளைவுகள் சூழ்ந்த மடத்து முற்றத்தில் நின்றவாறே, அதன் ஓரங்களில் இன்கா மக்களின் கூடங்களைக் காணலாம். ஒன்று மற்றொன்றை மன்னித்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. ஒரே நிலத்தில் நிற்கின்றன, அவ்வளவே.

தலைமைக் கோயிலில் ஓவியங்கள் பல உள. மார்கோஸ் சபாத்தா என்னும் உள்ளூர் ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் தீட்டிய இயேசுவின் இறுதி விருந்தில், நடுத்தட்டிலே கிடப்பது மலைநாட்டார் விருந்துணவாகிய கினிப்பன்றி. காண்போர் புன்முறுவல் பூப்பர். ஆனால், அக்கோயிலின் வாயிற்படியில் இறங்கினால் விரியும் பெருவெளி புன்முறுவலுக்குரிய இடமன்று. 1780-ஆம் ஆண்டு நவம்பரில், இரண்டாம் துபாக் அமாரு என்று பெயர் பூண்ட ஹோசே கபிரியேல் கொண்டோர்காங்கி என்பவர், சுரங்க வேலைக்கும் வரிக்கும் குடிகள் வதைக்கப்படுவதைப் பொறாது கிளர்ந்தெழுந்தார். 1781-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அவ்வெளியில் அவர் கொல்லப்பட்டார். அதற்குமுன், அவர் கண்ணெதிரே அவருடைய மனைவி மிக்காயேலா பஸ்திதாசும் மூத்த மகனும் கொல்லப்பட்டனர். அத்தோடும் ஆட்சியாளர் அமையவில்லை. இன்கா உடைகள் விலக்கப்பட்டன. பழைய மன்னரைப் பற்றிய நாடகங்கள் விலக்கப்பட்டன. குடிகள் தம் மொழியாகிய கெச்சுவாவை விடுத்து ஸ்பானியமே பேசவேண்டும் என்று ஆணை பிறந்தது. கார்சிலாசோ எழுதிய நூலின் படிகளையும் தேடிக் கைப்பற்றுமாறு கட்டளை வந்தது. இறந்து நூற்று அறுபது ஆண்டுக்கு மேலான ஒரு முதியவரின் ஏட்டிற்கு அரசு அஞ்சியது!

மொழியும் அச்சுவரைப் போன்றதே போலும். குஸ்கோவின் சந்தையில் காய்கறி விற்கும் பெண்டிர், வாங்க வருபவரிடம் ஸ்பானியம் பேசி, பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பியவுடன் கெச்சுவாவில் பேசுவதை இன்றும் கேட்கலாம். 1975-ஆம் ஆண்டில் பெரு அரசு கெச்சுவாவையும் ஆட்சிமொழியாக ஏற்றது. தமிழ் பயிலும் மாணவர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று அம்மொழியில் உண்டு. தன்மைப் பன்மையில், கேட்பவரையும் உளப்படுத்திக் கூறும் 'நாம்' என்பதும், கேட்பவரை நீக்கிக் கூறும் 'நாங்கள்' என்பதும் தமிழில் வேறு வேறு சொற்கள். ஸ்பானியத்தில் அவ்வேறுபாடு இல்லை. கெச்சுவாவில் உண்டு. குஸ்கோ வழக்கில் 'நொகாஞ்சிஸ்' என்றால் நாம். 'நொகைக்கு' என்றால் நாங்கள். பெயர்க்கும் வினைக்கும் பின்னே உருபுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதிலும், வினையை இறுதியில் வைப்பதிலும்கூட இரண்டும் ஒத்துள்ளன. இவ்வொப்புமை கொண்டு இரு மொழிக்கும் உறவு கற்பிப்பார் உளர், அது பிழை. தொலைவில் உள்ள இருவர் ஒரே வகையாக நடப்பதால் உடன்பிறந்தார் ஆகிவிடார். ஆயினும், வெளியூரான் ஒருவனிடம் தம் ஊரைப் பற்றிப் பேசும் கெச்சுவர், 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா என்று ஒவ்வொரு முறையும் தெரிந்தே கூறவேண்டும் என்பது எண்ணத்தக்கது.

தடைசெய்யப்பட்ட விழா ஒன்றும் மீண்டது. கதிரவனுக்கு எடுத்த 'இன்டி ராய்மி' விழாவை 1944-ஆம் ஆண்டில் குஸ்கோவின் அறிஞர்கள் மீட்டனர். அதன் சடங்கு முறைகளை எங்கிருந்து அறிந்தனர்? ஒரு காலத்தில் கைப்பற்றப்பட்ட அந்தக் கார்சிலாசோவின் நூலிலிருந்தே. இப்பொழுது ஆண்டுதோறும் சூன் 24-ஆம் நாள் சக்சைவாமன் மதில்களின்முன் அது நடைபெறுகின்றது. காட்சிக்காக நடத்தப்படும் விழா என்று குறை கூறுவாரும் உளர்.

வானம் தெளிந்த நாளில், நகரின் தென்கிழக்கே வெண்மையான முடி ஒன்று தோன்றும். அது ஆவுசங்கத்தே, உயரம் ஏறத்தாழ 6,380 மீட்டர். மலைநாட்டார்க்கு அது வெறும் பாறையன்று. 'அப்பு' எனப்படும் காவல் தலைவன். குடிப்பதற்கு முன் சில துளிகளை நிலத்தில் தெளித்து, முதலில் அவனுக்கு அளித்த பின்னரே தாம் அருந்துவர். அம்மலையின் அண்டையில், சினக்காரா பள்ளத்தாக்கில், ஆண்டுதோறும் மே அல்லது சூன் திங்களில் பல்லாயிரவர் கூடும் திருவிழா ஒன்று உண்டு. கரடி வேடம் பூண்ட இளைஞர் இரவிலே பனிப்பாறையின்மேல் ஏறி, விடியலில் பனிக்கட்டிகளை முதுகில் சுமந்து இறங்குவர். உருகிய அந்நீரை நோய் தீர்க்கும் மருந்தாக ஊரார்க்குப் பகிர்வர். இவ்வழக்கம் இன்று இல்லை. பனி சுருங்கிவிட்டமையால், இனிப் பனியை வெட்டுவதில்லை என்று அவர்களே நிறுத்திவிட்டனர். பெரு நாட்டின் பனிப்பரப்பில் பாதிக்கு மேல் கடந்த அறுபது ஆண்டுகளில் மறைந்துவிட்டது. பனி உருகி வரும் நீரே வறண்ட திங்களில் ஆறாக ஓடி வயலை நனைப்பது. நிலநடுக்கத்திற்கு அசையாத கல் அங்கு உண்டு. வெப்பத்திற்கு உருகாத பனி இல்லை. இளைஞர் இன்றும் ஏறுகின்றனர்; வெறுங்கையோடு இறங்குகின்றனர்.

குஸ்கோவிற்கு வருவோரிற் பெரும்பாலோர் மச்சு பிச்சுவைக் காண விரைவர். அஃது அழகிய இடமே. ஆயினும், மலைமுடிக் கோட்டை என்று நினைத்துச் செல்பவர், அது குஸ்கோவினும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்ந்தது என்று அறிந்து வியப்பர். கூட்டம் செல்லும் அவ்வடமேற்கு வழியை விடுத்துத் தெற்கே செல்பவர் சிலர். அவ்வழியில் மலைச்சரிவெல்லாம் உருளைக்கிழங்கு வயல்கள். இன்று உலகெங்கும் அடுப்பேறும் உருளைக்கிழங்கின் தாய்நிலம் ஆண்டிஸ் மலையே. சூன் திங்களில் உறைபனி பெய்யும் இரவுகளில் கிழங்கைத் திறந்த வெளியில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்துகின்றனர். இவ்வாறு செய்த 'சுன்யோ' பல ஆண்டு கெடாது.

அவ்வழியே சென்றால், துபாக் அமாரு தலைவராக இருந்த ஊர்கள் அடங்கிய கானாஸ் பகுதியை அடையலாம். அங்கே அபூரிமாக் ஆறு ஆழ்ந்த பிளவின் அடியிலே ஓடுகின்றது. அதன் குறுக்கே, ஏறத்தாழ 28 மீட்டர் நீளத்திற்கு, கேஸ்வாசாகா என்னும் பாலம் தொங்குகின்றது. அப்பாலத்தில் ஆணி இல்லை; கம்பி இல்லை; பலகையும் இல்லை. முழுவதும் புல்லால் ஆனது. இன்கா மக்களின் பெருவழிகளில் இத்தகைய பாலங்கள் பல இருந்தன. இன்று எஞ்சியிருப்பது இது.

புல்லாலான பாலம் ஓராண்டிற்கு மேல் நம்பத்தக்கதன்று. ஆதலின், ஆண்டுதோறும் சூன் திங்களில் ஆற்றின் இருகரையிலும் உள்ள நான்கு ஊரார் கூடிப் புதிய பாலம் அமைக்கின்றனர். ஒவ்வொரு குடும்பமும் இத்தனை முழம் சிறுகயிறு தருதல் வேண்டும் என்பது முறை. பெண்டிர் புல்லை நனைத்து, கல்லால் தட்டி, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துத் திரிப்பர். சிறுகயிறுகள் பல சேர்ந்து நடுக்கயிறு; நடுக்கயிறுகள் முறுக்கிப் பின்னப்பட்டால் வடம். அவ்வடங்களுள் நான்கு தளத்திற்கு, இரண்டு கைப்பிடிக்கு. இருகரையினரும் எதிரெதிரே நின்று வடத்தை இழுத்துக் கற்றூண்களில் கட்டுவர். பின்னர், இதில் கைதேர்ந்த ஆடவர் இருவர் இருகரையிலிருந்தும் புறப்பட்டு, காலைத் தொங்கவிட்டவாறு அந்தரத்தில் அமர்ந்து, பக்கக் கயிறுகளைப் பின்னிக்கொண்டே நடுவை நோக்கி வருவர். மூன்று நாளில் வேலை முடியும். நான்காம் நாள் விழா. சற்றுத் தொலைவில் இரும்புப் பாலம் ஒன்று உண்டு. வண்டிகள் அதன்மேல் செல்கின்றன. ஆகவே, புல்பாலம் இல்லாவிடினும் எவரும் ஆற்றைக் கடக்கலாம். அவ்வூரார் இதனை அறியாதவர் அல்லர்.

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியது. ஊரார் கூட இயலவில்லை, பாலம் புதுக்கப்படவில்லை. 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மழையிலும் வெயிலிலும் நைந்திருந்த அப்பாலம் நடுவே அறுந்து ஆற்றில் விழுந்தது. பழைய பாலம் இருக்கும்போது அதன்மேல் வடத்தைக் கொண்டு செல்வது எளிது. அதுவும் இல்லாதபோது முதற் கயிற்றை அக்கரைக்குச் சேர்ப்பதே பெரும்பாடு. அவ்வாண்டு சூன் திங்களில் நான்கு ஊராரும் மறுபடியும் கூடினர். பெண்டிர் கரையோரத்தில் அமர்ந்து புல் திரித்தனர். ஆடவர் கயிற்றை ஆற்றின் குறுக்கே செலுத்தி, இருகரையிலும் நின்று வடம் இழுத்தனர். இரு பின்னற்காரரும் இருகரையிலிருந்தும் புறப்பட்டு நடுவிலே சந்தித்தனர்.